வாக்குக்கண் ஒப்பரேசனும் கிருமித்தொற்றும்: எந்தச் சிவப்புக்குப் பயப்பட வேண்டும்?

இரவு ஒன்பதரை மணிக்குக் கோண்டாவிலில் இருந்து ஒரு தாய் போன் எடுத்தா. "அக்கா, பிள்ளையின்ர கண் இரத்தம் கட்டினமாதிரிக் கிடக்கு. இன்பெக்சன் பிடிச்சிட்டுதோ?" பிள்ளைக்கு முதல்நாள்தான் வாக்குக்கண் ஒப்பரேசன் நடந்திருந்தது. பிள்ளை இப்போது என்ன செய்கிறாள் என்று கேட்டேன். "இடியப்பம் சாப்பிட்டிட்டு ரிவி பாக்கிறா. பாக்க விடலாமோ?"

அந்தப் பிள்ளைக்கு ஒரு தொற்றும் இல்லை. கண் சிவந்திருந்தது, அவ்வளவுதான். கத்தியும் ஊசியும் பட்ட இடம் முதல்நாள் சிவக்காமல் இருந்தால்தான் நான் ஆச்சரியப்பட்டிருப்பேன். ஆனால் அந்தத் தாய் அன்று முழுவதும் அழுதபடி இருந்திருக்கிறா. பக்கத்து வீட்டு ஆச்சி ஒருவர், "கண்ணில கத்தி வைச்சால் கிருமி ஏறி மூளைக்குப் போயிடும்" என்று சொல்லிவிட்டுப் போனதுதான் காரணம்.

நான் பல ஆண்டுகள் கண் விடுதியில் தாதியாக வேலை செய்தவள். இந்தப் பயத்தையும், அதற்கு நேர்மாறான அலட்சியத்தையும், இரண்டையும் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். பயந்த வீடுகளில் சிலர் ஒப்பரேசனையே வேண்டாம் என்று விட்டார்கள். அலட்சியமான வீடுகளில், உண்மையாகவே ஓடிவர வேண்டிய நேரத்தில், "ஒப்பரேசன் செய்த கண் அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டு காத்திருந்தார்கள். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: "கண் ஒப்பரேசன்", "இன்பெக்சன்" என்ற இரண்டு சொற்களுக்குள்ளும் நாம் பத்து விசயங்களைப் போட்டு அடைத்து வைத்திருக்கிறோம். அவற்றைப் பிரித்து எடுத்துப் பார்ப்போம்.

பட்டத்தின் முச்சை

தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரைக்குப் போனவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். எவ்வளவு அழகாகக் கட்டிய பட்டமும் முச்சை பிழைத்தால் ஏறாது. ஒரு பக்க நூல் கொஞ்சம் இறுகினால் பட்டம் அந்தப் பக்கம் சரிந்து சுற்றும். அப்போது பட்டத்தைக் கிழித்து யாரும் திருத்துவதில்லை. நூலை ஒரு விரற்கடை தளர்த்தியோ இறுக்கியோ கட்டுவார்கள், பட்டம் நேராக நிற்கும்.

கண்ணும் அப்படித்தான். ஒவ்வொரு கண்ணிலும் வெளிப்பக்கமாக ஆறு தசைகள் ஒட்டியிருக்கின்றன. நான்கு நேராகவும் இரண்டு சரிவாகவும் இழுக்கும். இந்த இழுவைகள் ஒன்றுக்கொன்று சமன்படாதபோது ஒரு கண் உள்ளே, வெளியே, மேலே அல்லது கீழே விலகி நிற்கும். அதைத்தான் வாக்குக்கண் என்கிறோம், மாறுகண் என்றும் சொல்வதுண்டு. அது அதிர்ஷ்டம் என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. அது அதிர்ஷ்டமும் இல்லை, குற்றமும் இல்லை. கவனிக்காமல் விட்டால் விலகிய கண்ணில் இருந்து வரும் படத்தைப் பிள்ளையின் மூளை ஒதுக்கத் தொடங்கிவிடும், அந்தக் கண் பார்வை பழகாமலே போய்விடும். அதனால்தான் வைத்தியர்கள் சிறு வயதிலேயே காட்டச் சொல்கிறார்கள்.

கண்ணாடியாலும் மற்ற முறைகளாலும் சரிவராத பிள்ளைகளுக்குத்தான் சத்திரசிகிச்சை. அதில் செய்வது முச்சை திருத்துகிற வேலை. அதிகம் இழுக்கும் தசையை அது ஒட்டியிருக்கும் இடத்தில் இருந்து எடுத்து, சில மில்லிமீற்றர் பின்னே தள்ளித் தைப்பார்கள். இழுவை போதாத தசையில் கொஞ்சம் வெட்டிக் குறுக்கி, பழைய இடத்திலேயே தைப்பார்கள். கண்ணைப் பிடுங்கி வெளியே எடுத்து வைத்துச் செய்கிறார்கள் என்று ஊரில் ஒரு கதை உண்டு. அப்படி ஒன்றும் இல்லை. கண் இருந்த இடத்திலேயே இருக்கும். வெள்ளை விழியின் மேல் உள்ள கண்ணாடிபோன்ற மெல்லிய சவ்வில் ஒரு சிறு வெட்டுப் போட்டு, அதற்கு அடியில் இருக்கும் தசையைக் கொக்கியால் பிடித்து எடுக்கிறார்கள்.

இங்கே ஒரு வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கண்புரை ஒப்பரேசனில் கருவி கண்ணுக்குள்ளே போகிறது. வாக்குக்கண் ஒப்பரேசனில் வேலை முழுக்கக் கண்ணின் வெளிச்சுவரில்தான் நடக்கிறது. பெரியப்பாவுக்குக் கண்புரை ஒப்பரேசனில் நடந்ததை வைத்துப் பிள்ளையின் வாக்குக்கண்ணுக்குக் கணக்குப் பார்ப்பது பொருந்தாது.

சுவர் எவ்வளவு தடிப்பு?

கண்ணின் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால் நான் நுங்கைத்தான் காட்டுவேன். நுங்கில்கூட அதைக் கண் என்றுதானே சொல்கிறோம். வெளியே ஒரு தோல், உள்ளே தெளிந்த வழுவழுப்பு. வளர்ந்தவரின் கண்ணுக்குள் ஏறக்குறைய நான்கு மில்லிலீற்றர் அளவுக்கு அப்படி ஒரு தெளிந்த களி நிரம்பியிருக்கிறது. பள்ளிக்கூட விஞ்ஞானப் புத்தகத்தில் அதற்குக் கண்ணாடியுடனீர் என்று பெயர். அதைச் சுற்றியிருக்கும் வெள்ளைச் சுவருக்குப் பெயர் வன்கோது.

பெயர்தான் வன்கோது. எல்லா இடத்திலும் அது தடிப்பாக இல்லை. கண்ணின் பின்பக்கம் ஒரு மில்லிமீற்றர் அளவு இருக்கும். தசைகள் ஒட்டும் இடத்துக்குச் சற்றுப் பின்னேதான் மிக மெல்லியது, ஏறக்குறைய 0.3 மில்லிமீற்றர். அப்பியாசக் கொப்பியின் மூன்று நான்கு தாளை அடுக்கினால் வரும் தடிப்பு. சத்திரசிகிச்சை நிபுணர் ஊசியை அந்தத் தடிப்புக்குள்ளேயே, தாள்களுக்கு நடுவால் கொண்டுபோவதுபோல, உள்ளே துளைக்காமல் படுக்கையாக ஓட்டி எடுக்க வேண்டும். உருப்பெருக்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு மூச்சைப் பிடித்தபடி அதைச் செய்வதை மேசைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தவள் என்ற வகையில் சொல்கிறேன், அந்த ஒரு நிமிடத்தில் தியேட்டரில் யாரும் பேச மாட்டார்கள்.

எப்போதாவது ஊசி ஆழமாகப் போய் உட்பக்கம் எட்டிவிடுவதும் உண்டு. எட்டிய எல்லாக் கண்ணிலும் தொற்று வருவதில்லை, பெரும்பாலானவை எந்தச் சிக்கலும் இல்லாமல் ஆறிவிடும். ஆனால் கிருமி உள்ளே போவதற்கு அது ஒரு வழி. இன்னொரு வழியும் இருக்கிறது: துளை இல்லாவிட்டாலும், தையல் போட்ட இடத்தில் பிடித்த தொற்று அந்த மெல்லிய சுவரை அரித்துக்கொண்டு போகலாம்.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: வாக்குக்கண் ஒப்பரேசன் கண்ணுக்கு வெளியே தசையில் நடக்கிறது. ஆனால் அந்தத் தசை ஒட்டியிருக்கும் சுவர் மெல்லியது. அதனால் தொற்று அபூர்வம், ஆனாலும் முற்றிலும் இல்லை என்று சொல்ல முடியாது.

கிருமி எங்கிருந்து வருகிறது?

தொற்று என்றதும் எல்லோரும் முதலில் ஆஸ்பத்திரியைத்தான் சந்தேகிப்பார்கள். கருவி சுத்தமில்லையோ, விடுதி சுத்தமில்லையோ என்று கேட்பார்கள். அப்படி நடக்கவே நடக்காது என்று நான் சொல்லவில்லை. ஆனால் பெரும்பாலும் கிருமி நோயாளியின் உடம்பிலேயே இருக்கிறது. இமை ஓரத்திலும் தோலிலும் மூக்குக்குள்ளும் பக்ரீரியாக்கள் எப்போதும் குடியிருக்கின்றன. ஸ்டஃபிலோகொக்கஸ் ஓரியஸ் என்று ஒரு வகை, சுகதேகியான பத்துப் பேரை எடுத்தால் ஏறக்குறைய மூன்று பேரின் மூக்கில் எந்தத் தொல்லையும் தராமல் இருக்கும். தோல் மூடியிருக்கும்வரை அது அயல்வீட்டுக்காரர் மாதிரி. வெட்டுக் காயம் ஒன்று திறந்தால்தான் வினை. வாக்குக்கண் ஒப்பரேசனுக்குப் பின் வரும் கடுமையான தொற்றுகளில் அடிக்கடி அகப்படுவதும் இந்த வகையும் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் வகைகளும்தான்.

பிள்ளைக்கு மூக்கு ஒழுகுகிறது, இமை ஓரத்தில் பீளையும் பொருக்கும் இருக்கிறது என்றால் டொக்டர் ஒப்பரேசனைப் பிற்போடுவது இதனால்தான். பெற்றோர் சிலருக்கு அது கோபத்தைத் தரும். லீவு போட்டு, வான் பிடித்து, பட்டினி போட்டுக் கூட்டிவந்த பிள்ளையைத் திருப்பி அனுப்புகிறார்களே என்று. அந்தக் கோபம் எனக்கு விளங்கும். ஆனாலும் அப்படித் திருப்பி அனுப்பும் வைத்தியரை நான் நம்புவேன்.

ஒப்பரேசன் தொடங்குமுன் கண்ணுக்குள்ளும் இமையிலும் மண்ணிற மருந்து ஒன்றை விடுவார்கள். அது பொவிடோன் அயடீன். முழங்கால் உரசினால் பூசுகிறோமே, அதே மருந்து, கண்ணுக்கு ஏற்றபடி ஐதாக்கியது. சில நிமிடம் விட்டுவைத்துக் கழுவுவார்கள். கண் சத்திரசிகிச்சையில் தொற்றைக் குறைப்பதற்கு மிக நன்றாக நிறுவப்பட்ட வழி இந்த எளிய, மலிவான மருந்துதான்.

சிவப்பு எல்லாம் தொற்று இல்லை

முதல்நாள் கண் இரத்தச் சிவப்பாக இருக்கும். கண்ணீர் இளஞ்சிவப்பாக வடியலாம். இமை கொஞ்சம் வீங்கும். மண் விழுந்தமாதிரி உறுத்தும், அது உள்ளே இருக்கும் தையல் நூல். அந்த நூல் சில வாரங்களில் தானாகக் கரைந்துவிடும். மயக்க மருந்தின் விளைவாக முதல்நாள் சத்தியும் வரலாம். காலையில் பீளையால் இமை ஒட்டியிருப்பதும் உண்டு, கொதித்தாறிய தண்ணீரில் நனைத்த சுத்தமான பஞ்சால் துடைத்தால் போதும். சிவப்பு முற்றாக மறைய இரண்டு மூன்று வாரம், சிலருக்கு அதற்கு மேலும் பிடிக்கும்.

இவை எதுவும் தொற்று இல்லை. உடம்பு காயத்தை ஆற்றும்போது அந்த இடத்துக்கு அதிக இரத்தத்தை அனுப்புகிறது, அதனால் சிவக்கிறது. வீட்டில் எங்காவது இடிந்த சுவரைத் திருத்தினால் ஒரு வாரம் சீமெந்தும் மண்ணுமாகத்தானே கிடக்கும்.

தையல் நூலோ சொட்டு மருந்தோ ஒத்துக்கொள்ளாமல் கண் சிவந்து அரிப்பதும் தொற்று இல்லை, அது ஒவ்வாமை. டொக்டரிடம் காட்ட வேண்டும், ஆனால் நடுஇரவில் ஓட வேண்டியதில்லை.

படலை, முற்றம், பூட்டிய அறை

இனி உண்மையான தொற்றுக்கு வருவோம். அது எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்பதை வைத்துத்தான் ஆபத்து. நம் வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கள்ளன் படலையில் நிற்கிறானா, முற்றத்துக்கு வந்துவிட்டானா, பூட்டிய அறைக்குள் புகுந்துவிட்டானா?

படலையில் நிற்பது மேற்சவ்வின் தொற்று. கண் நோய் வந்தால் வருமே, அப்படிப் பீளை தள்ளும், சிவக்கும். சொட்டு மருந்தில் மாறும். சிலவேளை தையல் போட்ட இடத்தில் சவ்வுக்கு அடியில் சிறு சீழ்க்கட்டி வைக்கும். வெள்ளை விழியில் மஞ்சள் நிறத்தில் ஒரு திரட்சி தெரியும், தொட விடாமல் நோகும். இதைப் படலை என்று அலட்சியப்படுத்தக் கூடாது, அடுத்த அடி முற்றம்தான்.

முற்றம் என்பது கண்குழி. கண் உட்கார்ந்திருக்கும் எலும்புக் கிண்ணம், சிரட்டையைப் போல. கண்ணுக்கும் அந்தக் கிண்ணத்துக்கும் இடையில் கொழுப்பும் தசையும் நரம்பும் இருக்கின்றன. அங்கே கிருமி பரவினால் வைத்தியர்கள் ஓர்பிட்டல் செலுலைட்டிஸ் என்று அட்டையில் எழுதுவார்கள், நாம் கண்குழித் தொற்று என்று சொல்வோம். சிரட்டை இறுக்கமானது, வீக்கத்துக்கு இடம் கொடுக்காது. அதனால் வீக்கம் கண்ணை முன்னே தள்ளும். இமை கறுத்துச் சிவந்து, திறக்க முடியாமல் வீங்கும். கண்ணை அசைக்க நோகும், பிறகு அசையவே மாட்டாது. காய்ச்சல் வரும். இந்த வீக்கம் பார்வை நரம்பை நெரித்தால் பார்வை போகலாம். கண்குழியின் நாளங்கள் மண்டையோட்டுக்குள் இருக்கும் நாளங்களோடு தொடர்புள்ளவை என்பதால், விட்டுவைத்தால் தொற்று உள்ளேயும் போகக்கூடும். அந்த ஆச்சி சொன்ன "மூளைக்குப் போயிடும்" என்ற பேச்சில் இருந்த ஒரே ஒரு உண்மை இதுதான். மருந்து இல்லாமல் விட்டால் நடக்கக்கூடியது அது. நேரத்துக்கு வந்தவர்களுக்கு நாளத்தில் ஏற்றும் அன்ரிபயோட்டிக் பெரும்பாலும் நன்றாகவே வேலை செய்யும்.

பூட்டிய அறை கண்ணின் உட்புறம். அங்கே கிருமி புகுந்தால் எண்டொப்தல்மைட்டிஸ், அதாவது உட்கண் தொற்று. எல்லாவற்றிலும் அபூர்வமானது, எல்லாவற்றிலும் கொடியது.

உறைமோரும் பால்சட்டியும்

உட்கண் தொற்று ஏன் அவ்வளவு கொடியது என்பதை விளக்கக் குசினிக்கே போகலாம். இளஞ்சூட்டுப் பாலில் ஒரு கரண்டி உறைமோர் விட்டு மூடிவைக்கிறோம். விடிய எழும்பிப் பார்த்தால் சட்டி முழுக்கத் தயிர். மோரில் இருந்ததும் பக்ரீரியாதான். சூடு, சாப்பாடு, யாரும் தொந்தரவு செய்யாத மூடிய இடம், இந்த மூன்றும் கிடைத்தால் ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, ஒரு இரவுக்குள் சட்டியையே மாற்றிவிடும்.

கண்ணுக்குள் இருக்கும் களியும் அப்படிப்பட்ட இடம். உடம்பின் மற்ற இடங்களில் கிருமி புகுந்தால் இரத்தத்தில் இருக்கும் வெண்குருதிக் கலங்கள் ஓடிவந்து பிடிக்கும். கண்ணாடியுடனீருக்குள் இரத்தக் குழாயே கிடையாது. இருந்தால் நமக்குப் பார்வை தெளிவாக இராது. ஒளி தடையில்லாமல் போவதற்காகத் தெருவே போடாமல் விட்ட ஊர் அது, ஆபத்துக்குப் படையும் மெதுவாகத்தான் வந்துசேரும். வாயால் குடிக்கும் மருந்தும் இரத்தத்தோடுதான் போக வேண்டும், அதனால் அதுவும் உள்ளே போதுமான அளவு எட்டாது. அந்த அறையின் சுவரில் விழித்திரை விரித்திருக்கிறது. விழித்திரையின் கலங்கள் ஒருமுறை செத்தால் திரும்ப முளைக்காது.

ஆகவேதான் இதற்கு வைத்தியம் மிக நுண்ணிய ஊசியால் மருந்தை நேரே கண்ணுக்குள் ஏற்றுவது. சில கண்களில் கலங்கிப்போன களியையே வெட்டி உறிஞ்சி எடுக்க வேண்டிவரும். கண்ணுக்குள் ஊசியா என்று பெற்றோர் நடுங்குவார்கள். மருந்து போய்ச் சேர வேறு வழி இல்லை என்பது விளங்கினால் அந்த நடுக்கம் கொஞ்சமாவது குறையும்.

சுருக்கமாக: மேலே இருந்தால் சொட்டு மருந்து, கண்குழிக்குப் போனால் விடுதியில் வைத்து நாளத்தில் மருந்து, கண்ணுக்குள் போனால் கண்ணுக்குள்ளேயே மருந்து. உள்ளே போகப் போக நேரம் குறுகும்.

எத்தனை பேருக்கு வருகிறது?

பிரித்தானியாவில் இரண்டு ஆண்டுகள் நாடு முழுவதும் கண்காணித்து, 2013-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. ஏறக்குறைய 24,000 வாக்குக்கண் சத்திரசிகிச்சைகளில் கடுமையான தொற்று என்று பதிவானது 14 பேருக்கு. 1,700 பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். உட்கண் தொற்று மட்டும் என்று பார்த்தால் இன்னும் மிக மிகக் குறைவு. அதற்குச் சொல்லப்படும் கணக்குகள் ஒன்றோடொன்று பெரிதாக வேறுபடுகின்றன. வருவதே அவ்வளவு அபூர்வம் என்பதால், எந்த ஒரு வைத்தியரும் தன் அனுபவத்தை மட்டும் வைத்து எண்ணிச் சொல்ல முடியாது.

இந்த எண்ணிக்கையைப் பார்த்து ஒப்பரேசனை விட்டுவிடுவது சரியில்லை என்பது என் உறுதியான எண்ணம். அதே நேரம், 1,700-இல் ஒருவர் என்பது அந்த ஒரு வீட்டுக்கு நூற்றுக்கு நூறு. எனவே அந்த ஒருவர் நம் பிள்ளையாக இருந்தால் எப்படித் தெரிந்துகொள்வது என்பதுதான் அடுத்த கேள்வி.

சிவப்பைப் பார்க்காதீர்கள், போகிற திசையைப் பாருங்கள்

நான் எல்லாத் தாய்மாருக்கும் சொல்வது இதுதான். ஆறுகிற கண் ஒவ்வொரு நாளும் முந்திய நாளைவிடக் கொஞ்சம் நல்லாக இருக்க வேண்டும். நேற்றைவிட இன்று வீக்கம் குறைவு, நோ குறைவு, பிள்ளை சுறுசுறுப்பு. அந்தத் திசை திரும்பினால், அதாவது குறைந்து வந்தது மறுபடி கூடினால், அது எச்சரிக்கை. கடுமையான தொற்று பெரும்பாலும் முதல் வாரத்துக்குள், அதிலும் இரண்டாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் இடையில்தான் தலைகாட்டும்.

இரண்டு கண்ணிலும் ஒப்பரேசன் செய்திருந்தால் ஒன்றோடு மற்றதை ஒப்பிடலாம். ஒன்று தெளிந்து வர மற்றது மட்டும் வீங்கிச் சிவந்தால் அதுவும் எச்சரிக்கை. நோ மருந்து கொடுத்தும் நோ கூடுவது, இமை திறக்க முடியாத வீக்கம், கண் முன்னே தள்ளி நிற்பது, கண் அசையாமல் போவது, காய்ச்சல், வெளிச்சத்தைப் பார்க்கவே விடாதது, கண்மணி பால் நிறமாகத் தெரிவது, பார்வை மங்குவது, இவற்றில் ஒன்று வந்தாலும் காத்திருக்கக் கூடாது.

பார்வை மங்குவதைச் சின்னப் பிள்ளை சொல்லாது. மற்றக் கண் நல்லாக இருப்பதால் அதற்கே தெரியாது. தினமும் ஒருமுறை நல்ல கண்ணைக் கையால் மெதுவாக மறைத்து, உங்கள் முகத்தையோ விளையாட்டுச் சாமானையோ தெரிகிறதா என்று பாருங்கள். ஒப்பரேசனுக்குப் பின் சில நாள் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிவதுண்டு, அது வேறு. மறைத்ததும் பிள்ளை தடவத் தொடங்கினால், தலையைத் திருப்பி உங்கள் கையைத் தள்ளி விட்டால், கவனியுங்கள்.

என்னால் மறக்க முடியாத ஒரு பையன் இருக்கிறான். ஆறு வயது. ஒப்பரேசன் முடிந்து மூன்று நாள் துள்ளித் திரிந்தவன், நாலாம் நாள் காலையில் எழும்பவில்லை. அம்மம்மா, "நோ குறைஞ்சிட்டுது போல, பிள்ளை அடங்கிப் படுத்திருக்கிறான்" என்று போர்த்தி விட்டிருக்கிறா. பத்து மணிக்குப் பால் வேண்டாம் என்றான். பின்னேரம் தாய் வேலையால் வந்து போர்வையை விலக்கிப் பார்த்தபோது இமை நாவற்பழ நிறத்தில் வீங்கியிருந்தது. உடம்பு நெருப்பாகச் சுட்டது. விடுதியில் நான் இமையை மெதுவாகத் தூக்கிப் பார்த்தேன், கண் நடுவிலேயே நின்றது. என் விரலை இடமும் வலமும் கொண்டுபோனேன், மற்றக் கண் பின்னால் வந்தது, இது வரவில்லை. கண்குழித் தொற்று. அன்றிரவே நாளத்தில் மருந்து தொடங்கினார்கள், ஸ்கான் எடுத்தார்கள். மூன்றாம் நாள் அவனே இமையைக் கொஞ்சம் திறந்து, "மிஸி, எனக்குப் பிளேன்ரீ வேணும்" என்று கேட்டான். பார்வைக்கு ஒரு சேதமும் இல்லை.

அந்த அம்மம்மா அதற்குப் பிறகு எத்தனை நாள் தன்னையே நொந்துகொண்டா என்று எனக்குத் தெரியும். அவவில் ஒரு பிழையும் இல்லை. அழாத பிள்ளைக்கு நோ இல்லை என்றுதான் நாம் எல்லோரும் நினைப்போம். ஆனால் கடுமையான தொற்று வந்த சிறு பிள்ளை பெரும்பாலும் அழுவதைவிடச் சோர்ந்து படுத்துவிடும். ஒப்பரேசன் முடிந்து இரண்டாம் மூன்றாம் நாளில் விளையாடிய பிள்ளை திடீரென்று அடங்கிவிட்டால், அந்த அமைதியை நம்பாதீர்கள்.

வீட்டில் செய்வதும் செய்யக் கூடாததும்

கண்ணுக்குத் தாய்ப்பால் விடுவதும் நந்தியாவட்டைப் பூவைப் பிழிந்து விடுவதும் நம் ஊரில் பழைய வழக்கம். அன்போடு செய்வதுதான். ஆனால் தையல் போட்ட கண்ணில் அவை கிருமிக்கு வழி. பூவில் மண் இருக்கும், கையில் கிருமி இருக்கும், பால் கிருமிக்கு நல்ல சாப்பாடு. ஒன்றும் விட வேண்டாம்.

கோயிலுக்குப் போனால் திருநீறு தலையில் தூவாமல் கையில் வாங்கி, கண்ணுக்கு விழாதபடி மெல்லியதாகப் பூசுங்கள். கிணற்றடியில் வாளியால் தலைக்கு ஊற்றி முழுகுவதை டொக்டர் சொல்லும்வரை நிறுத்தி, கழுத்துக்குக் கீழே குளிக்க வார்த்துவிடுங்கள். கீரிமலைக் கேணியும் கசூரினாக் கடலும் இரண்டு மூன்று வாரம் பொறுக்கலாம், எத்தனை நாள் என்று கிளினிக்கில் கேளுங்கள். பிள்ளையின் நகத்தை ஒப்பரேசனுக்கு முதல்நாளே வெட்டிவிடுங்கள், கண்ணைக் கசக்கத்தான் செய்யும்.

சொட்டு மருந்து விடுமுன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். குப்பியின் வாய் இமையிலோ மயிரிலோ படக் கூடாது, பட்டால் அந்தக் குப்பியே கிருமிக்கு வீடாகிவிடும். எனக்கு மிகவும் கவலை தருவது இன்னொன்று. கண் சிவந்தால் பாமசியில் போய், "போன தடவை தந்த அந்தச் சொட்டு மருந்தைத் தாங்கோ" என்று வாங்கி விடுவது. அப்படிப்பட்ட குப்பிகள் பலவற்றில் ஸ்டெரொயிட் இருக்கிறது. அது சிவப்பைக் குறைத்துவிடும், கிருமியைக் கொல்லாது. வெளியே பார்த்தால் தணிந்தமாதிரி இருக்க, உள்ளே தயிர் உறைந்துகொண்டிருக்கும். டொக்டர் எழுதிய மருந்தை எழுதிய நாள்வரை, அதற்கு மேல் கேட்காமல் ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு விடும் நாளில் மூன்று விசயம் கேட்டு அட்டையிலேயே எழுதி வாங்குங்கள்: இரவில் பயம் வந்தால் எந்த இலக்கத்துக்குப் பேசுவது, எந்த விடுதிக்கு நேரே வருவது, அடுத்ததாக எந்த நாளில் காட்டுவது. வாகனம் இல்லாவிட்டால் 1990-க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும். இன்னொரு ஒப்பரேசன் தேவைப்படலாம் என்பதால் வழியில் சாப்பாடு கொடுக்காமல் கூட்டிவருவது நல்லது.

தூரத்தில் இருப்பவர்களுக்கு

கோண்டாவிலில் இருப்பவருக்கு ஆஸ்பத்திரி கால் மணித்தியாலம். நெடுந்தீவில் இருப்பவருக்கு முதலில் படகு வேண்டும், குறிகட்டுவானுக்கு ஒரு மணித்தியாலம், அதன்பிறகு பஸ். இரவில் கண் வீங்கினால் விடியும்வரை காத்திருக்க வேண்டியும் வரலாம். ஆகவே தீவுகளில் இருந்து வருபவர்கள் முதல் வாரத்தை யாழ்ப்பாணத்திலேயே கழித்தால் நல்லது என்று நான் எப்போதும் சொல்வேன். உறவுக்காரர் வீடு ஒன்று இல்லாத தீவுக் குடும்பம் குறைவு.

நெடுந்தீவுத் தாய் ஒருவர் அப்படித்தான் செய்தா. ஆனைக்கோட்டையில் தன் பெரியம்மா வீட்டில் பிள்ளையோடு எட்டு நாள் தங்கினா. ஒவ்வொரு காலையும் ஏழு மணிக்கு, அதே யன்னலடியில், அதே வெளிச்சத்தில் போனில் பிள்ளையின் கண்ணைப் படம் எடுத்து வைத்தா. நான் சொல்லிக் கொடுத்ததில்லை, அவவுக்கே தோன்றியது. நினைவில் ஒப்பிட்டால் நேற்றுக் கூடவா குறைவா என்று குழம்பும், படத்தில் குழப்பம் இல்லை. கடைசி நாள் கிளினிக் வாங்கில் இருந்து எட்டுப் படத்தையும் விரலால் தள்ளித் தள்ளி எனக்குக் காட்டினா. இரண்டாம் படத்தில் கண் முழுவதும் சிவப்பு. நாலாவதில் கருவிழிக்குப் பக்கத்தில் வெள்ளை தெரியத் தொடங்கியிருந்தது. எட்டாவதில் மூக்குப் பக்கம் ஒரு சின்னத் திட்டு மட்டும். டொக்டர் பார்த்துச் சரி என்றதும் பிள்ளைக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி போட்டு, பின்னேரப் படகைப் பிடிக்கப் புறப்பட்டார்கள்.